கன்னையா கங்காணி வளர்த்த களை

கன்னையா கங்காணிக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு களை தேவைப்பட்டது. அதுதான் கிடைக்கவில்லை.

றக்வானைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் புல்லுவெட்டு ஆட்களுக்கு அவர்தான் கங்காணி. தேயிலைக்கு நடுவே வேறொரு பச்சை தலைநீட்டினால் அவருக்குச் சோறு இறங்காது. தோட்டத்திலேயே சுத்தமான மலை என்று கம்பனி கொடுத்த கேடயம் அவர் வீட்டில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், சாமிப் படத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் தொங்கியது. இப்போது அதே மலையில் அவர் சாம்பப்பூண்டு தேடிக் குனிந்தபடி நடந்துகொண்டிருந்தார்.

"எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா கங்காணி?" என்று புல்லுச் சுரண்டியும் கையுமாக நின்ற ஜீவராணி கேட்டாள்.

"சாம்பப்பூண்டு எங்கயாச்சும் பாத்தியா புள்ள?"

"ஐயோ, சத்தியமா ஒண்ணுகூட விடலீங்க! எல்லாத்தையும் வேரோட புடுங்கிட்டேன்!"

"அதுதான் இப்ப கவலையே."

முந்தின நாள் சாயங்காலம் ஸம்சுதீன் முதலாளியின் கடைக்கு அவரைத் தேடி டெலிபோன் வந்திருந்தது. பேசியது மகள் சுதர்ஷினி. அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து பல்கலைக்கழகம் வரை போன முதல் பிள்ளை. படிப்பு முடிந்தும் அங்கேயே தங்கி, எலிகளை வைத்து வயிற்றுப்புண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள்.

"அப்பா, நம்ம தண்ணிக் கான் ஓரத்துல சாம்பப்பூண்டு மொளைக்குமே, அது எனக்கு ஒரு சாக்கு வேணும்பா. காயவச்சு வைங்க. இங்க எங்கயும் கெடைக்குதில்ல. வயித்துப்புண்ணு ஆராய்ச்சிக்குத்தான், எலிக்குக் குடுத்துப் பாக்கணும். ஆனா அப்பா, ஒரு விசயம்..."

அந்த ஒரு விஷயத்தைக் கேட்க அப்பா லைனில் இல்லை. இவ்வளவு படித்த மகளுக்குத் தன் மலையிலிருந்து ஒன்று வேண்டுமாம் என்ற சந்தோஷத்தில் ரிசீவரை வைத்துவிட்டு, கண் கலங்க முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி! வயித்துப்புண்ணுக்கு எம்மக மருந்து கண்டுபிடிச்சிட்டா! என்னா மருந்து தெரியுங்களா? நம்ம சாம்பப்பூண்டு!"

"அல்லாஹ்வே! இதுக்கா நான் கொழும்பு வரைக்கும் போய் மருந்தெடுத்தேன்?" என்று முதலாளி தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

டெலிபோன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை முதலாளியே எடுத்தார். சுதர்ஷினியை வாய் திறக்கவிடாமல் தன் வயிற்றின் சரித்திரத்தை ஆதியிலிருந்து சொன்னார். லைன் கட்டாகும் வரை சொன்னார்.

வீட்டில் மனைவி அழகம்மா மட்டும் அவ்வளவாக மயங்கவில்லை.

"மாடுகூட மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போற செடிங்க அது."

"மாட்டுக்கு வயித்துப்புண்ணு இருக்கா? இல்லைதானே? அப்புறம் அது ஏன் திங்கணும்?"

கடைசியில் மலையின் மூலையில், கானுக்கு அந்தப் பக்கம், சாம்பல் பூத்த இலையோடு நாலைந்து செடி அகப்பட்டது. ஒரு சாக்குக்கு அது எந்த மூலைக்குக் காணும்? கன்னையா ஆட்களைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் யாருடைய சுரண்டியும் படக்கூடாது என்று கட்டளை போட்டார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. சாம்பப்பூண்டு இடுப்பளவுக்கு எழுந்து தேயிலையை அமுக்கிவிட்டு நின்றது. கன்னையா தினமும் காலையில் போய் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

ஒரு நாள், தோட்டத்தை நிர்வகிக்கும் சிங்களத் தொரையின் மோட்டார் சைக்கிள் அங்கே வந்து நின்றது.

"கன்னையா! மொகத மே? என்னா இது? கேடயம் வாங்குன மலையா இது? கம்பனி ஆளு வந்து பாத்தா நான் என்னா சொல்றது? ஒனக்குக் கங்காணி வேலை வேணாமா?"

கன்னையா கணக்குப் போட்டார். வேலை போனால் கேடயமும் போகும், மானமும் போகும். ஆனால் செடியை வெட்டினால் மகளின் ஆராய்ச்சி போய்விடும். அதை நினைத்ததும் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இது களை இல்லீங்க தொரை. மருந்து. வயித்துப்புண்ணு மருந்து. யுனிவர்சிட்டியில எம்மக இத வச்சுத்தான் ஆராய்ச்சி பண்ணுதுங்க."

தொரையின் கை தானாக நெஞ்சுக்குக் கீழே போனது. முகம் இளகியது.

"கேஸ்ட்ரைட்டிஸுக்கும் கேக்குமா?"

"அதுக்குத்தானுங்களே!"

"ஹரி, ஹரி, சரி. அப்ப வெட்ட வேணாம். எனக்கும் கொஞ்சம் பங்களாவுக்கு அனுப்பு."

வேலை தப்பியது. ஆனால் பங்களாவுக்கு ஒரு கட்டுப் போனதை பங்களா சமையல்காரன் லயத்தில் சொல்லிவிட்டான். தொரையே குடிக்கிறார் என்றால் அப்புறம் என்ன? மறுநாள் பார்த்தால் பாதிச் செடியைக் காணவில்லை.

கன்னையா தன் ஆட்களில் ஒருவனான பிரதீபனைக் காவலுக்குப் போட்டார். அவனுக்கும் வெகுநாளாக வயிற்றெரிச்சல். காவல் இருந்த இடத்திலேயே அடுப்பு மூட்டிக் கசாயம் காய்ச்ச ஆரம்பித்துவிட்டான்.

வேறு வழியில்லாமல் கன்னையா காலைப் பெரட்டில், வேலை பிரிக்க ஆட்கள் கூடும் நேரத்தில், எல்லோர் முன்னாலும் அறிவித்தார்.

"யாரும் களவாட வேணாம். வீட்டுக்கு ஒரு புடி நானே தாரேன். மிச்சம் ஆராய்ச்சிக்கு. சரிதானே?"

அது இன்னும் மோசமாகப் போனது. அதுவரை கல்லைத் தின்றாலும் செரித்தவர்கள்கூட வரிசையில் வந்து நின்றார்கள்.

"ஒனக்குத்தான் வயித்துல ஒண்ணும் இல்லையே தினேஷ்?"

"வராமப் பாத்துக்கலாமில்லீங்களா கங்காணி? எல்லார் வீட்டுக்கும் குடுத்துட்டு எங்க வீட்டுக்கு மட்டும் இல்லேன்னா எப்புடிங்க?"

பங்கு போட்டால் சாக்கு நிறையாது. சாக்கை நிரப்பினால் பங்குக்குக் காணாது. கன்னையா அடுத்த மூலையையும் களைக்கு விட்டார், பிறகு அதற்கடுத்ததையும் விட்டார். கேடயம் வாங்கிய மலை மெல்லமெல்லச் சாம்பல் நிறமானது.

வாரம் திரும்புவதற்குள் புகார் வந்தது.

"எரியுதுங்க கங்காணி," என்று ஜீவராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எரியணும் புள்ள! முழங்கால் காயத்துக்கு மருந்து போட்டா எரியலியா? எரிஞ்சாத்தான் ஆறுதுன்னு அர்த்தம்."

நியாயமாகத்தான் பட்டது. எரியாதவர்கள் தங்களுக்கு மருந்து பிடிக்கவில்லையோ என்று பயந்து இன்னொரு தம்ளர் குடித்தார்கள். லயத்துக் கக்கூஸ் வாசலில் எந்நேரமும் வரிசை நின்றது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வயிற்றுக்குக் கொடுக்கும் வெள்ளை மருந்து தீர்ந்தே போனது.

"என்ன கன்னையா, லயம் முழுக்க ஒரே வியாதியா இருக்கு?" என்று டிஸ்பென்சர் ஐயா கேட்டார்.

"வியாதி இல்லீங்க ஐயா. உள்ள கெடந்ததெல்லாம் வெளிய போகுது."

கன்னையாவும் விடாமல் குடித்தார். குடித்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்.

"ஒங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? வயித்துல ஒரு நோவும் இல்லாத மனுசன்," என்றாள் அழகம்மா.

"மக கண்டுபிடிச்ச மருந்த அப்பன் குடிக்காட்டி வேற எவன் குடிப்பான்? நீயும் ஒரு வாய் குடி."

"எனக்கு மாடு சொன்னது போதும்," என்று அவள் தன் பிளேன்டீயை ஊதிக் குடித்தாள்.

அவள் பேச்சு அவர் காதில் ஏறவில்லை. ஏறும் நிலையில் அவர் இல்லை. நேற்றுவரை 'புல்லுவெட்டுக் கங்காணி' என்றவர்கள் இன்று 'ஆராய்ச்சிப் புள்ளயோட அப்பா' என்கிறார்கள். ஸம்சுதீன் முதலாளி கடையில் எழுந்து நின்று நாற்காலி போடுகிறார், இடுப்பை முழுதாக நிமிர்த்த முடியாவிட்டாலும். தொரை வழியில் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "மகள் எப்புடி?" என்று கேட்கிறார். பெற்ற பிள்ளையால் இப்படி ஒரு மரியாதை கிடைக்கும்போது வயிறு எரிந்தால்தான் என்ன?

ஒருவழியாகச் சாக்கு நிறைந்தது. எலிகளை விட்டுவிட்டுத் தன்னால் வர முடியாது என்றும், எலிகளுக்குத் தீனி வைக்கும் ஜாபிரை வேனோடு அனுப்புவதாகவும் சுதர்ஷினி கடைக்குச் சொல்லியனுப்பினாள்.

வேன் வந்த அன்று பெரட்டுக்களம் கோயில் திருவிழா மாதிரி இருந்தது. சாக்குக்குச் சந்தனம் தடவி, பொட்டு வைத்து, மாலை போட்டு மேசைமேல் ஏற்றியிருந்தார்கள். தப்பு அடித்தவர்கள் கொஞ்சம் குனிந்தே அடித்தார்கள். தொரைக்கு நாற்காலி போட்டிருந்தது. அவர் அதில் சாயாமல் முன்பக்கமாக மடங்கி உட்கார்ந்திருந்தார்.

ஜாபிர் வேனிலிருந்து இறங்கியதும் முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை மாட்டினான். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சாக்கை நெருங்கினான்.

"பாத்தீங்களா என்னா மரியாதைன்னு!" என்று கன்னையா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "சாமி சாமானத் தொடுற மாதிரியில்ல தொடுறாரு!"

கூட்டம் கைதட்டியது. கன்னையா சாக்குக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"நாங்க இத்தன காலமும் இந்த மலையில கொழுந்து எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புனோம். இப்ப மருந்தும் அனுப்புறோம். எம்மக மட்டும் இல்ல, இது நம்ம எல்லாரோட பெருமை!"

தப்பு மறுபடி முழங்கியது. ஜாபிர் சாக்கை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு முகத்துணியை அவிழ்த்தான். கன்னையா ஆவி பறக்கும் தம்ளரோடு அவன் முன்னால் போய் நின்றார்.

"தூரப் பயணம் வந்திருக்கீங்க தம்பி, சும்மா போகக்கூடாது. இந்தாங்க, நம்ம சாம்பப்பூண்டுக் கசாயம். தொரை குடிக்கிறாரு, முதலாளி குடிக்கிறாரு, லயமே குடிக்குது. ரெண்டு மாசமா வேளை தவறல."

ஜாபிர் தம்ளரை மோந்து பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். அழகம்மாவைத் தவிர அத்தனை பேரும் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"ஐயா... இதக் குடுத்துத்தான் நாங்க எலிக்கெல்லாம் வயித்துப்புண்ணு வரவைக்கிறது. அத ஆத்துற மருந்தத்தான் அக்கா இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க."