வண்டி தன்னைச் சோதித்து முடித்த விவரம்

புதுக்கடை,
சனிக்கிழமை மத்தியானம்.

கர்த்தருக்குள் மிகுந்த அன்பும் மரியாதையும் உள்ள பெபிஷா அப்பாவுக்கு, கிளாரிபாய் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் அத்தையும் ஆண்டவர் கிருபையால் சுகம். பெங்களூரில் பெபிஷாவும் சுகம். அங்கே மஸ்கட்டில் உங்கள் சுகத்துக்காகவும், உங்கள் முழங்காலுக்காகவும், அந்த நிலையத்தில் நீங்கள் பரிசோதித்து முத்திரை குத்துகிற அத்தனை வண்டிகளுக்காகவும் தினமும் குடும்ப ஜெபத்தில் வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு காரியத்தைத் தொடங்கி நடுவுக்கு வருவதற்குள் உங்களுக்கு அடுத்த வண்டி வந்துவிடுகிறது. நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை வேகம் கூட்டி வைத்துக் கேட்கிறீர்கள் என்று ஆன்ஸ்லின் சொல்லிவிட்டான். உங்கள் அறையில் கூடத் தங்குகிறவன் பொய் சொல்ல மாட்டான். கடிதத்துக்கு வேகம் கூட்ட முடியாது. அவன் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் திரும்புவதால் பொதியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

இனி வண்டி விஷயம். இந்தக் கிறிஸ்துமசுக்கும் லீவு இல்லை, அடுத்த வருஷமும் நிச்சயமில்லை, ஷெட்டில் வெறுதே கிடக்கிற வண்டியைக் கொடுத்துவிடு என்று நீங்கள் சொன்ன அன்றைக்கே நான் சரி என்று சொல்லிவிட்டேன். உங்கள் சொல்லுக்கு மறுசொல் சொல்கிறவள் அல்ல நான். நீங்கள் லீவில் வந்தால் ஓட்டுவதற்கென்றே வாங்கின வண்டி, அதையும் கொடுத்துவிட்டால் பிறகு எதை ஓட்ட வருவீர்கள் என்று அத்தைதான் கேட்டார்கள். நான் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்புகிற வழியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சளாய் ஒரு படம் எரிந்தது. பார்த்தால் நம்ம தோட்டத்துப் பம்புசெட்டு மாதிரியே இருந்தது. தண்ணீர் கேட்கிறது என்று எண்ணி, வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து, தண்ணீர் ஊற்றுகிற மூடி தெரிந்த இடத்தில் எல்லாம் ஊற்றினேன். கண்ணாடி கழுவுகிற தொட்டி நிறைந்து முற்றமெல்லாம் வழிந்தது, விளக்கு அணையவில்லை. அப்புறம்தான் வண்டியோடு தந்த புத்தகத்தை எடுத்தேன். தமிழ் வேதாகமத்தையும் ஆங்கில வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே படித்த ஆங்கிலம்தான் என்னுடையது என்பது உங்களுக்குத் தெரியும். பாவம், மனந்திரும்புதல், மீட்பு சம்பந்தப்பட்ட சொல்லெல்லாம் வரும், சைலன்சர் சம்பந்தப்பட்ட சொல் ஒன்றும் வராது. ஆனாலும் ஒரு வாரம் உட்கார்ந்து வாசித்ததில் ஒரு காரியம் புரிந்து ஆச்சரியப்பட்டேன். இந்த வண்டி ஓடும்போதே தன் புகையைத் தானே சோதிக்கிறது. குற்றம் கண்டால் ஒருதரம் பொறுக்கிறது, மறுதரமும் கண்டால் மறைக்காமல் விளக்கைக் கொளுத்திச் சொல்லிவிடுகிறது. நாமோ திருவிருந்து நாளில் மட்டும்தான் நம்மைச் சோதிக்கிறோம், அதுவும் அப்பம் வாங்குவதற்கு முன் பாடுகிற பாட்டு முடிவதற்குள்.

முருகதாஸ் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, எலி ஒரு வயரைக் கடித்திருப்பதைக் கண்டுபிடித்தார். புகைக்குழாயில் புகையின் விஷத்தை முறிக்கிற ஒரு பாத்திரம் இருக்கிறதாம், அதுதான் நீங்கள் சொல்கிற கேட்டலிஸ்ட். அதற்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். கடிபட்டது பின்னால் உள்ளதின் வயர். இரண்டு எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டேன்.

"யக்கா, முன்னால உள்ளது துள்ளிக்கிட்டே கெடக்கும், அதுக்கக் குணம் அது. பின்னால உள்ளது அடங்கிக் கெடக்கணும். அதுவும் கூடச் சேந்து துள்ளிச்சுன்னா, நடுவுல இருக்கவன் வேல செய்யல்லன்னு அர்த்தம்" என்றார்.

நான் பின்னால் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆள் மஸ்கட்டில் இருக்கிறார் என்று முருகதாஸிடம் சொல்லவில்லை, அவருக்கு வேறு வேலை இருந்தது.

வயரைக் கட்டி, வண்டியின் ஞாபகத்தில் இருந்த பழைய குற்றத்தை அழித்து விளக்கை அணைத்துக் கொடுத்தார். அடுத்த நாளே தக்கலையிலிருந்து குமாரதாஸ் வண்டி பார்க்க வந்தார். பழைய வண்டி வாங்கி விற்கிற ஆளுக்கு இவ்வளவு பக்தி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உட்காருவதற்கு முன் கண்ணை மூடி ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் பையிலிருந்து வண்டியைச் சோதிக்கிற தன் சொந்தக் கருவியை எடுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினார். உதட்டைப் பிதுக்கினார். "வெளக்கு எரியல்ல, செரி. ஆனா உள்ளுக்குள்ள ஓடுத சோதனை ஒண்ணும் முடியல்லியே அம்மா. விக்கதுக்காக நேத்து அழிச்சுப்போட்டு நிக்கியளோ?" என்றார். அழித்தது உண்மை, நேற்று அழித்ததும் உண்மை. ஆனால் அவர் கேட்ட விதத்தில் நான் பாவத்தை மறைத்த ஆளாகிவிட்டேன். குற்றத்தை அழித்தால் முடிந்த சோதனைகளும் கூடவே அழிந்துபோகுமாம். அந்தப் புகைச் சோதனை எல்லாவற்றையும் வண்டி தானே மறுபடி ஓடி முடித்து, எல்லாவற்றுக்கும் நேராக டிக் விழுந்த பிறகு கூப்பிடுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் நீங்கள் ஆன்ஸ்லின் கையில் கொடுத்தனுப்பின கறுப்பு டப்பா வந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினால் போனில் வண்டியின் உள்மனசு தெரிகிறது. சில சோதனைக்கு வண்டி கிளம்பின உடனே டிக் விழுந்துவிட்டது. சென்சாருக்கும் கேட்டலிஸ்டுக்கும் மட்டும் முடியவில்லை, முடியவில்லை என்றே வந்தது. நீங்கள் சொன்னபடி தினமும் அதைப் படம் பிடித்து அனுப்பினேன். நீங்களும் தினமும் ஒரே சொல்லில் பதில் அனுப்பினீர்கள். கல்யாணமான புதிதில் எனக்கு எட்டுப் பக்கம் எழுதுகிற மனுஷன். இப்போது பார்த்தால் "கேட்டலிஸ்ட்?" என்று ஒரு சொல், அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. அதையும் நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எத்தனை நாள் ஓட்டியும் டிக் விழாததற்குக் காரணம் நான்தான் என்று நினைத்து, உபவாச ஜெபத்தில் கூடச் சொன்னேன். பிறகு ஒரு நாள் போனில் நீங்கள், வண்டியை நிறுத்தினதும் என்ன செய்கிறாய் என்று முதலிலிருந்து சொல் என்றீர்கள். நானும் சொன்னேன்: கியரில் போட்டேன், கல் வைத்தேன், படுதா போட்டேன், பேட்டரி வயரைக் கழற்றினேன். போன லீவு முடிந்து போகும்போது நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு நாளும் தவறாமல் கழற்றுகிறேன் என்றும் சொன்னேன்.  நெட் போய்விட்டது என்று நினைத்தேன். நெட் இருந்தது. வயரைக் கழற்றினால் வண்டி படித்த பாடமெல்லாம் மறந்துபோகும், கண்ட குற்றம் மட்டும் மறக்காது என்று பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். பகல் முழுக்கப் படிக்கவைத்து ராத்திரி அழித்து வந்திருக்கிறேன். உங்கள் சொல்லைக் கேட்டு நடந்ததால் வந்த கஷ்டம் என்று அத்தை சொன்னார்கள். அதையும் நான் சொல்லவில்லை.

வயரைக் கழற்றாமல் விட்டேன். அதன் பிறகும் கேட்டலிஸ்ட் முடியவில்லை. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியைக் காலையில் எடுத்து, எங்கும் நிற்காமல், கூட்டாமல் குறைக்காமல் ஒரே வேகத்தில் கால் மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தீர்கள். நீங்கள் நம்ம ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாகிவிட்டது பெபிஷா அப்பா. இங்கே ஒரு தெரிந்த வண்டி நிற்காமல் போக முடியுமா? கிளம்பின உடனே சபைச் செயலர் ஏசுஅடிமை ஏத்தன் வாழைக்குலையோடு கை நீட்டினார். அவரை இறக்கிவிட்டால் மீன் விற்கிற நாகம்மை, இனயம் கடற்கரையில் எடுத்த மீன் சட்டியோடு நின்றாள். "அக்கா எங்க போறிய?" என்றாள். எங்கேயும் இல்லை, சும்மா ஓட்டுகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். போகிற இடம் இல்லாமல் தினமும் காலையில் நான் வண்டி ஓட்டுகிற செய்தி மீனை விடச் சீக்கிரம் ஊரெல்லாம் போனது. ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்பத்தில், கணவர் தூரதேசத்தில் இருக்க மனக்கலக்கத்தில் அலைகிற ஒரு சகோதரிக்காக என்று செயலர் வாசித்தார். பேர் சொல்லவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தே ஜெபித்தார்கள். பெட்ரோல் செலவை என் கணக்கு நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் "வைத்தியம்" என்று எழுதினேன்.

மறுநாள் கூட ஏறிக்கொண்ட அத்தை, யார் கை நீட்டினாலும் தலையை வெளியே நீட்டி, தனக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பொய் சொன்னது அத்தை, நான் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். கருங்கல் வரை நிற்காமல் போனோம். அதற்கு அப்பால் குழாய் போட ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். திரும்பி வந்தால் வீட்டு முற்றத்தில் ஆரஞ்சும் ரொட்டியுமாக ஆள்கள். அத்தை சாயங்காலம் வரை போர்த்திப் படுத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. கடைசி ஆளும் போன பிறகு எழுந்து உட்கார்ந்து, "ஏட்டி, போறதுக்கு எடம் இல்லாத வீட்டுக்கு எதுக்குட்டி வண்டி" என்று கேட்டார்கள். நான் ஆரஞ்சையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டேன்.

நிற்காமல் ஓடுகிற ரோடு ஒன்றுதான் எனக்குத் தெரியும். போன புதன்கிழமை விடிந்ததும் அத்தையை ஏற்றிக்கொண்டு களியக்காவிளை தாண்டி, காரோடு என்கிற ஊரில் அந்த நாலுவழிச் சாலையில் ஏறினேன். அங்கே நம்மைத் தெரிந்தவர் யாரும் இல்லை. முள் அசையாமல் ஒரே வேகத்தில் பிடித்தேன். கொஞ்ச தூரம் போனதும் அத்தைக்கு ரோடு அடையாளம் தெரிந்துவிட்டது. சேலையைச் சரி செய்தார்கள்.

"அவன் வாறானா?"

இல்லை என்றேன்.

"பின்ன எதுக்குட்டி இந்த ரோட்டுல வந்த?"

வண்டிக்குச் சோதனை என்றேன்.  வந்ததற்கு வந்தோம், வழியில் திரும்புவானேன் என்று விமான நிலையம் வரைக்கும் போய்விட்டேன். கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டே நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்களே, அங்கே போய் நின்று போனைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் நேராக டிக். கேட்டலிஸ்டுக்கும் டிக். ஸ்தோத்திரம் என்று சொல்லி உடனே உங்களுக்குப் படம் அனுப்பினேன். நீங்கள் ஒரு கட்டைவிரல் அனுப்பினீர்கள்.

உடனே திரும்பியிருக்கலாம். அத்தை இறங்கி, ஆள் வெளியே வருகிற வாசலுக்குப் போய்விட்டார்கள். நானும் போனேன். கயிறு சுற்றின பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராய் வந்தார்கள். பக்கத்தில் நின்ற பாறசாலைக்காரி ஒருத்தி, யாரைக் கூப்பிட வந்தீர்கள் என்று கேட்டாள். வீட்டுக்காரரை என்று வாயில் வந்துவிட்டது. எந்த ஃபிளைட் என்றாள். மஸ்கட் என்றேன். அது எப்போதோ இறங்கிவிட்டதே என்றாள். இவர் எப்போதும் கடைசியில்தான் வருவார் என்று சொன்னேன். அத்தையின் மேல் பழி போட இந்தத் தடவை வழியில்லை. அவளுடைய ஆள் வந்து, அவள் போகும்போது என் கையைப் பிடித்து, "பயப்படண்டாம், இப்ப வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது, நானும் அத்தையும் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்க்கிறோம். நீங்கள் அங்கே டியூட்டியில் இருக்கிறீர்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நல்லாவே தெரியும். கூட்டிவர ஆள் இல்லாமல் வெறும் வண்டியாய்த் திரும்பி வந்தோம்.

நேற்று குமாரதாஸ் வந்தார். சொருகிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான வண்டியைத் தான் சமீபத்தில் கண்டதில்லை என்று என்னிடம் மன்னிப்பும் கேட்டார். ஆகவே உங்கள் சித்தப்படியே விற்கலாம், எனக்கு ஒரு தடையும் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் இரண்டும் இந்தப் பொதியில் வைத்திருக்கிறேன். போட்டு, ஊருக்கு வருகிற யாரிடமாவது சீக்கிரம் கொடுத்தனுப்புங்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் வைத்திருக்கிறேன், சூடு பண்ணிப் போடவும். ஆராதனைக்குத் தவறாமல் போகவும். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. வரத்தை விசேஷமாய்க் காப்பாராக. அத்தை முத்தம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்கு அடங்கின
கிளாரிபாய்.

பி.கு. மேலே உள்ளதை எழுதி முடித்து ஒட்டுவதற்குள் ஆன்ஸ்லின் வந்து பெட்டியைத் தராசில் தூக்கிப் பார்த்தான். விமானத்தில் விடுகிற எடைக்குக் கொஞ்சம் கூடுதல், எதையாவது எடுத்தே ஆக வேண்டும் என்றான். நெத்திலிக் கருவாட்டை எடுக்க அத்தை விடவில்லை. முந்திரிக்கொத்து உடையாமல் இருக்க நடுவில் வைத்துக் கட்டியாகிவிட்டது, அதை இனி அவிழ்க்க முடியாது. எண்ணெய் உங்களுக்கு வேணும். அதனால் அந்தத் தாள் இரண்டையும் எடுத்துவிட்டேன். தாள் எவ்வளவு எடை வரும் என்று ஆன்ஸ்லினும் கேட்கத்தான் செய்தான்; அந்தத் தாளைக் கையில் தூக்கிப் பார்த்தது நானல்லவா. குமாரதாஸுக்குப் போன் பண்ணி, ஆள் நேரில் வந்துதான் கையெழுத்துப் போடும், அதுவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாள்கள் சாப்பாட்டு மேசைமேல் இருக்கின்றன. பேனாவும் வைத்திருக்கிறேன்.