சண்டைக்குச் சம்மதம்

பெண்கள் கை தூக்குவார்கள் என்று திருமலை எதிர்பார்க்கவே இல்லை.

கோயில் வாசல் மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தூக்கினார்கள். வளையல்கள் ஒருமுறை சலசலத்து அடங்கின. பின்னால் நின்ற ஆண்கள் விசிலடித்தார்கள். திருமலை மட்டும் தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்கால வெளிச்சத்தில் அவை தண்ணீரைத் தொடாமல் மிதப்பது போல இருந்தது. தானும் அப்படித்தான் நிற்கிறோமோ என்று ஒருமுறை காலடியைப் பார்த்துக்கொண்டார்.

எண்ணூர் ஓரத்தில் இருக்கும் வடக்குக் குப்பத்துக்கு அவர் தலைவர். வலையை அறுத்துவிட்டார்கள் என்ற தகராறில், பக்கத்துத் தெற்குக் குப்பத்தோடு பேச்சு நின்றுபோயிருந்தது. இங்கிருந்து யாரும் அங்கே போகக் கூடாது, அங்கிருந்து ஒரு ஆள் இங்கே வரக் கூடாது என்று மைக்கைப் பிடித்துச் சொன்னவர் அவர்தான். இரண்டு குப்பத்து ஆண்களும் ரோட்டில் முறை வைத்துக் காவல் நின்றார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, மனைவி கோவிந்தம்மா சோற்றுத் தட்டை வைத்த சத்தத்தில்தான் அவருக்கு அது உறைத்தது. மகள் உதயா வாழ்க்கைப்பட்டிருப்பது தெற்குக் குப்பத்தில். பிரசவத்துக்கு அவள் தாய்வீடு வரவேண்டிய மாதம் அது.

மைக்கில் சொன்னதை மைக்கில் திருப்பி வாங்க முடியவில்லை. மகளுக்காகத் தலைவன் வளைந்துவிட்டான் என்பார்கள். அதனால் திருமலை இன்னும் விறைத்துக்கொண்டார். தெற்குக் குப்பத்தைக் கடலிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று தினமும் முழங்கினார். தைரியமாக முழங்கலாம். ஊரில் அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது.

முன்பு ஒரு தலைவர் கோபத்தில் படகுகளை இறக்கிவிட்டார். ஆண்கள் எல்லாம் ஸ்டேஷனில், பெண்கள் எல்லாம் கோர்ட்டு வாசலில். அந்த வருஷம் வந்த கட்டுப்பாடு அது. தலைவர் தன் இஷ்டத்துக்குச் சண்டைக்குப் போக முடியாது. மீன் விற்கும் பெண்கள் கூடிக் கை தூக்கினால்தான் படகு இறங்கும். இதுவரை அவர்கள் தூக்கியதில்லை. "இந்தக் கட்டுப்பாடு மட்டும் இல்லன்னா இன்னேரம் நான் யாருன்னு காட்டிருப்பேன்" என்று திருமலை மீசையைத் தடவுவார். சண்டை அத்தோடு முடிந்துவிடும்.

இப்போது மீசையில் வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

தண்டையார்பேட்டைக்கு மீன் விற்கப் போனவர்கள் இன்னும் வரவில்லை, எல்லோரும் இல்லாமல் இது செல்லாது என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள். தலையில் கூடை இருக்க, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார்கள்.

தெற்குக் குப்பத்திலும் இதே கட்டுப்பாடுதான். அந்தப் பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், அங்கே தலைவரான எத்திராஜுக்கு எல்லோர் முன்னிலையிலும் போன் போட்டு, சண்டைக்கு வரத் துப்பிருக்கிறதா என்று கேட்டார். எத்திராஜும் ஸ்பீக்கரில் பதிலுக்கு முழங்கினார். இருட்டிய பிறகு அவரே கூப்பிட்டார். குரல் பாதியாகியிருந்தது.

"தலைவரே, எங்காண்டயும் கை தூக்கிட்டாளுங்கபா. உங்காளுங்கள கொஞ்சம் கைய எறக்கச் சொல்லேன்."

திருமலை கோவிந்தம்மாவிடம் போனார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இது பெரிய விஷயம், நிதானமாக யோசிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"நீதான கேட்ட. குடுத்தாச்சுல்ல. அப்பால இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு நிக்கிற?"

"அதுக்கில்ல. சண்டைன்னா ஆளு அம்பு வேணும், கத்தி கட்டை வேணும்..."

"அதெல்லாம் படகுல ஏறக் கூடாது. கண்டிஷன் கீது. ஒரு ஆம்பள கரையில நிக்கக் கூடாது, ரெண்டு ஊருலயும். வெயில் ஏறாம எவனும் திரும்பக் கூடாது. வாயால போடுங்க. அதுல நீ கெட்டிதான."

காவல் நின்றவர்களையும் சேர்த்து, எழுந்து நடக்கிற ஆண்கள் அத்தனை பேரும் விடியலில் படகேறினார்கள். கடலில் பனி இறங்கியிருந்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் அடிப்பாகம் இல்லாமல் வானத்தில் நின்றன. கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எல்லாம் கனவு, விழித்தால் பாயில் கிடப்போம் என்று திருமலை கொஞ்சநேரம் உண்மையாகவே நம்பினார். அப்போது பனிக்குள்ளிருந்து எத்திராஜின் படகு முளைத்தது. அதன் பின்னால் தெற்குக் குப்பமே முளைத்தது.

இஞ்சின்களை நிறுத்தினார்கள். தலைவர்கள் இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். தெரிந்த வசவெல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோனது. சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். கேட்பாரில்லாமல் மிதந்த படகுகள் ஒன்றோடொன்று மெத்தென்று உரசி நின்றன. பக்கத்தில் வந்து நின்ற படகில் மருமகன் தீபன் இருந்தான்.

"மாமா, சாப்டீங்களா?"

சண்டைக்கு நடுவில் கேட்கிற கேள்வியா இது என்று திருமலை முறைத்தார். பிறகு குனிந்து கயிற்றைச் சரிசெய்வது போல், உதயா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

"காலு வீங்கிகினு கீது மாமா. அம்மா வூட்டுக்குப் போணும்னு நைட்டெல்லாம் ஒரே அழுவ."

இரண்டு ஊர் ஆண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமலை நிமிர்ந்து, எத்திராஜை இன்னும் பலமாகத் திட்டினார். குரல் நடுவில் உடைந்தது. கோபம் தலைக்கேறிவிட்டது என்று அவர் ஆட்கள் மெச்சிக்கொண்டார்கள். இப்படித் திட்டிவிட்டுத் திரும்பினால் பகை நிலைத்துவிடும், பேரப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்று மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வெயில் ஏறி, பனி கிழிந்து, கரை ஒரு கோடாகத் தெரிந்தபோது போன் அடித்தது. பெண்களின் மீன்கூடைகளை மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர் ஜாபர்.

"தலைவரே, உதயா பாப்பாவ உங்க வூட்ல எறக்கி வுட்டுட்டேன். துணிப் பொட்டிங்க இன்னும் அங்கியே கீது, சண்டைய இன்னும் ஒரு ட்ரிப்பு நேரம் இழுக்க முடியுமான்னு ரெண்டு ஊரு அக்காங்களும் கேக்கச் சொன்னாங்க."