மூன்று பேர் சொன்ன காளான்

பெயர்சொல்லி என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். புழு, பூச்சி, பாம்பு, பாசி, எதை நீட்டினாலும், நீட்டிய கை மடங்குவதற்குள் அதற்கொரு பெயர் வைத்து, குணம் சொல்லி, எந்த மிளகாயோடு சேரும் என்பதுவரை விளக்கிவிட்டுத்தான் வெற்றிலையை மடிப்பார். 'தெரியாது' மட்டும் அவர் வாயில் வராது.

பெக்கோக் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் பெயர் ஐயாசாமி. ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோரில் வேலை. தான் சொன்னதை அங்கேயே கூட வேலை செய்யும் அர்ச்சுனனிடமும் காளியப்பனிடமும் கேட்டு உறுதி செய்துகொள்வார். மூன்று வாய் ஒரே பேச்சு என்றால் தீர்ந்தது. அதற்குமேல் அப்பீல் ஏது?

ரப்பர் விலை சரிந்த வருஷம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வெள்ளையம்மாவின் மூன்று பிள்ளைகளும் கருவாட்டைக் கண்டாலே முகம் சுளித்தார்கள். ஒரு வியாழக்கிழமை மழை விட்டதும், பட்ட மரத்தடியில் பறித்த காளானைக் கூடை நிறைய எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தாள். மேலே வெள்ளை, அடி மடிப்பில் லேசாகப் பச்சை. அந்தப் பச்சைதான் அவளை உறுத்தியது.

"அண்ணே, இதைத் திங்கலாமா?"

"அரிசிக் காளான். தாராளமா திங்கலாம். என்னப்பா அர்ச்சுனா?"

"அதேதான்," என்றான் அர்ச்சுனன், பல் குத்திக்கொண்டே.

வாளி கழுவிக்கொண்டிருந்த காளியப்பன் திரும்பாமலே, "அதேதான்லா," என்றான்.

"மூணு பேர் சொல்லியாச்சு. போய் அடுப்பைப் பத்த வை."

வெள்ளையம்மா நகரவில்லை. காளானைப் புரட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாள். ஒருவரும் தேறவில்லை.

"சரிண்ணே. ஆக்கி, முதல்ல உங்க மூணு பேருக்கும் ஒரு சட்டி கொண்டாறேன். காலையில பெரட்டுல பேர் கூப்பிடறப்ப மூணு பேரும் வந்து நின்னீங்கன்னா, அப்புறம் என் புள்ளைங்களுக்குப் போடுறேன்."

ஐயாசாமி தொண்டையைச் செருமினார். "எனக்குச் சனிக்கிழமை விரதம்மா."

"இன்னிக்கு வியாழன்ணே."

"ரெண்டு நாள் முந்தியே ஆரம்பிச்சிருவேன்."

"அர்ச்சுனண்ணே, உங்களுக்கு?"

"அதேதான்."

வாளிப் பக்கமிருந்தும் அதே விரதம் கேட்டது.

வெள்ளையம்மா கூடையைக் கால்வாயில் கவிழ்த்துவிட்டுக் கருவாட்டுக்கே திரும்பினாள். "நல்ல அரிசிக் காளான், வீணாப் போச்சு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார் ஐயாசாமி, அது மிதந்து மறையும்வரை.

உண்மையில் அது என்ன காளான்? தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால், வாசகரே, பச்சை மடிப்பு என்று படித்த இடத்திலேயே 'அது நஞ்சுதான்' என்று தலையாட்டினீர்களே, கூடையை உங்களிடம் யார் காட்டினார்கள்?