அந்தியேட்டி ஒரு உதாரணம் மட்டுமே

கோப்பாய்,
வியாழக்கிழமை.

அன்புள்ள றொகான் அண்ணைக்கு,

கனகரத்தினம் மாமாவைச் சாகடித்தது நீங்கள். நாங்கள் இங்கு நலம். மாமாவும் நலம், அதுதான் இப்போது ஊருக்குப் பிரச்சினை. அங்கு அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

ரொறன்ரோவில் இருந்துகொண்டு "எங்கடை பிள்ளையளுக்கு வேலை குடுக்கிறன்" என்று முகநூலில் கதைக்கிற நீங்கள், எனக்குத் தந்த வேலை என்னவென்று மறந்திருப்பீர்கள். உங்கள் கம்பனியின் கணினிக் கருவியில் வேலைகள் பட்டியலாகக் கிடக்கும். கணினிக்குள் இருக்கிற ஏஜென்றுகள் என்கிற செயற்கை அறிவு வேலையாட்கள் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்து "முடிந்தது" என்று போடும். ஒன்று முடியாமல் மற்றதைத் தொடக்கூடாதென்றால் அதற்குப் பூட்டுப் போடலாம். இதற்குத் தமிழில் கைநூல் எழுதச் சொன்னீர்கள். நாலு மாதம் எழுதினேன். உதாரணத்துக்கு வேலை ஒன்று, வேலை இரண்டு என்று போட்டால், "உது ஆருக்கு விளங்கும், தங்கச்சி? எங்கடை வாழ்க்கையிலை இருந்து எடு" என்றீர்கள். எங்கள் வாழ்க்கையில் வரிசை தப்பாத காரியம் செத்தவீடுதான். ஆட்களுக்கு அறிவித்தல், கிரியை, எட்டாம் நாள் எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று பூட்டுப் போட்டு எழுதினேன். வாயில் வந்த பெயர் கனகரத்தினம். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே "இவை உதாரணங்கள், செய்ய வேண்டாம்" என்று எழுதியிருந்த வரியை, நீளம் கூடிப்போச்சென்று வெட்டியது யார்? வெட்டிய கைநூலை ஏஜென்றுகள் வேலை தேடுகிற அதே இடத்தில் போட்டு, உங்கள் போனில் இருந்த சொந்தக்காரரின் இலக்கங்களையும் அவற்றுக்குத் திறந்துவிட்டது யார்?

ஞாயிறு காலை பத்து மணிக்கு நூற்றுநாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் மரண அறிவித்தல் போனது. மகாதேவிச் சின்னம்மா பண்டத்தரிப்பில் ஓட்டோ ஏறும்போது தொடங்கிய ஒப்பாரியை நீர்வேலியில் மாமா வீட்டுப் படலைவரை நிறுத்தவில்லை. வாழைப் பாத்திகளுக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்ற மாமா மண்வெட்டியோடு ஓடிவந்து, "ஆரடி செத்தது?" என்று கேட்டார். "நீங்கள்தான் அண்ணை" என்று அழுதுகொண்டே சொன்ன சின்னம்மா, சொல்லி முடித்தபிறகுதான் யாரோடு கதைக்கிறா என்று நிமிர்ந்து பார்த்து மயங்கி விழுந்தா. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று அயலட்டைச் சனம் சோறும் கறியும் காவிக்கொண்டு வந்துவிட்டது. கதிரை வந்தது, பந்தல்காரர் வந்தார். அதற்குள் உங்கள் ஏஜென்ற் இரண்டாம் வேலையில் நின்றது. கிரியைக்கு உடல் எங்கே இருக்கிறதென்று முதலில் விசாரிக்கவேண்டும் என்று கைநூலில் எழுதியதும் நான்தான். அது நல்ல பிள்ளையாக மாமாவின் போனுக்கே கேள்வி அனுப்பியது: "தங்கள் உடல் தற்போது எங்கே வைக்கப்பட்டுள்ளது?" மாமா கண்ணாடியைத் தேடிப் போட்டு ஒற்றை விரலால் பதில் அடித்தார்: "கிணத்தடியிலை. கால் கழுவுது." அது நன்றி சொல்லி "முடிந்தது" என்று போட்டது. எட்டுச்செலவின் பூட்டுத் திறந்தது.

உங்களுக்குப் போன் எடுத்தால் கூட்டத்தில் நிற்கிறேன் என்று வைத்துவிட்டீர்கள். அடுத்த நாள் கருவியின் முகப்பில் ஒரு அறிவித்தல்: "தவறுக்குக் காரணம்: கைநூல் எழுதிய தர்சினி, கோப்பாய்." உள்ளே போக முடியாமல் எனக்கும் பூட்டு. மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிற வேலையையும் ஒரு ஏஜென்றிடம் கொடுத்திருக்கிறீர்கள். கைநூலின் முதற் பக்கத்தில் மட்டும் "எழுதியவர்: றொகான்" என்று இன்னும் கிடக்கிறது. நாலு மாதம் இருந்து எழுதேக்கை என்ரை பேர் ஒரு மூலையிலும் இல்லை. பிழை வந்த உடனை ஊர்ப்பேரோடை சேர்த்து என்ரை பேர். நேற்று யாழ்ப்பாணத்தில் ஒரு வேலை நேர்முகத்துக்குப் போனேன். அந்த ஐயா என் சான்றிதழைத் திறக்கவேயில்லை. "மாமாவைச் சாகடிச்ச பிள்ளை நீர்தானே?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். ஓம் என்பதா, இல்லை என்பதா?

ஆகவே மாமாவுக்கு நீங்களே எடுத்து உங்கள் வாயால் கதையுங்கள். அந்த முகப்பில் இருந்து என் பெயரை எடுத்து, அது இருக்கவேண்டிய முதற் பக்கத்தில் போடுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உங்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். உங்கள் பெயரை நான் எந்த உதாரணத்திலும் போடமாட்டேன்.

இப்படிக்கு,
கைநூலை எழுதிய
தர்சினி

பி.கு.: இதை எழுதி முடிக்க, மாமா சைக்கிளில் வந்து நிற்கிறார். அவருக்கு மன்னிப்பு ஒன்றும் வேண்டாமாம். "தன்ரை செத்தவீட்டுக்கு ஆர் வந்தவை, ஆர் வரேல்லை எண்டு பாத்த ஆள் இந்தப் பகுதியிலை நான் ஒருத்தன்தான் பிள்ளை" என்கிறார். வராதவர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், இருபத்தாறு பேர். போன் எடுத்துக்கூட விசாரிக்காதவர்கள் தனியாக. அதில் முதல் பெயர் உங்களுடையது. கருவியில் வரிசையில் நிற்கிற அந்தியேட்டியை நிற்பாட்ட வேண்டாமாம், உவைக்கு இன்னொரு சந்தர்ப்பம் குடுக்கவேணுமாம். "உவன் றொகானிட்டைச் சொல்லு, உது நல்ல சாமான்." ஆகவே மாமாவுக்கு எடுத்துக் கதைக்கச் சொல்லி மேலே நான் கேட்டதை மட்டும் வெட்டிவிடுங்கோ, வரி வெட்டுறது உங்களுக்குப் பழக்கம்தானே. முகப்பிலை கிடக்கிற என்ரை பேரை எப்ப எடுப்பியள்?