முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. உடம்பு நலம், வேலைதான் நலமாக இல்லை. நீங்களும் அக்காவும் சௌக்கியம் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பிக்கும்போதே நீங்கள் "சரி மாப்ள, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உங்களைப் பார்க்கும்.

நீங்கள் சொல்லிச் சேர்த்துவிட்ட ஒர்க்‌ஷாப்பில் ஒரு மன்னிப்புக் கடிதம் தயாராக இருக்கிறது. எழுதியவர் முதலாளி, மன்னிப்புக் கேட்பவன் நான். சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாமாம். நீங்கள் சமாதானம் பேச வரப்போவதாக அக்கா சொன்னாள். தயவுசெய்து வராதீர்கள்.

நடந்தது இதுதான். வீடு கட்டி விற்கும் கான்ட்ராக்டர் ஒருவர் தன் புதுக் காரோடு வந்தார். எஞ்சினின் இழுவை நான்கு சக்கரங்களுக்கும் போகிற வண்டி, ஆல் வீல் டிரைவ். யாரோ ஒருவரின் பந்தயக் காரில் பின் டயர்கள் மட்டும் அகலமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தனக்கும் அப்படி வேண்டும் என்றார். அந்தக் காரில் பின் சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும், அதற்கு அது சரி. இவர் வண்டியில் நான்கும் நடுவிலுள்ள ஒரு பெட்டி வழியாகப் பிணைந்திருக்கின்றன. நான் தையல்காரர் டேப்பை எடுத்து டயர்களைச் சுற்றி அளந்தேன். முன் டயர் இருநூற்றுப் பத்து சென்டிமீட்டர், அவர் கேட்ட பின் டயர் இருநூற்றுப் பதினேழு. "சார், ஒரு கிலோமீட்டருக்கு முன் சக்கரம் பதினஞ்சு சுத்து அதிகமா சுத்தும். முன்னால வழுக்குதுன்னு நடுப்பெட்டி நெனச்சுக்கிட்டு, பிடிச்சுப் பிடிச்சு விட்டு, சூடாகிச் செத்துரும்" என்றேன். கான்ட்ராக்டர் முதலாளியைப் பார்த்து, "என்னங்க இது, கார் கடையா, சட்டை தைக்கிற கடையா?" என்றார். கடையே சிரித்தது. முதலாளி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, "ஏழு சென்டிமீட்டரு! உன் சுண்டு விரல் நீளம்டா. மாட்டுடா" என்றார். மாட்டினேன்.

மூன்றாம் நாள் வண்டி திருப்பங்களில் முனகியது. "புது டயரு, பழகணும் சார்" என்றார் முதலாளி. ஒரு வாரத்தில் கருகல் வாசனை வந்தது. "பாலிஷ் வாசனை சார், போகப் போகச் சரியாயிடும்" என்றார். பத்தாம் நாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, அதற்கும் வழி வைத்திருந்தார்: எங்கள் ஒர்க்‌ஷாப் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து விளக்கின்மேல் அவர் கையாலேயே ஒட்டினார், அதனால் வண்டி நோகும்போதெல்லாம் எங்கள் பெயர் மஞ்சளாக ஒளிர்ந்தது. பன்னிரண்டாம் நாள் கான்ட்ராக்டர், வீடு வாங்க வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தான் கட்டிய அடுக்குமாடியின் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போயிருக்கிறார். இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை, ஏறும்போது பாதிச் சரிவில் வண்டி ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. பின்னால் எட்டு வண்டிகள், எட்டு ஹாரன்கள். வீடு வாங்க வந்தவர்கள் இறங்கி நடந்தார்களாம், திரும்பி வரவேயில்லையாம். அந்தச் சரிவை அவ்வளவு செங்குத்தாகக் கட்டியவரும் அவரேதான் என்பதை யாரும் பேசவில்லை.

வண்டி கயிறு கட்டி இழுபட்டு வந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே கரித்தூள். "எவன்யா மாட்டினது?" என்று கத்தினார் கான்ட்ராக்டர். கடை முழுவதும் என்னைப் பார்த்தது. முதலாளியும் அப்போதுதான் விஷயம் தெரிந்தவர் போல என்னைப் பார்த்தார்.

வேலை அட்டையை எடுத்துப் பார்த்தேன். "அளவு ஒத்துப்போகாது, சொல்லிவிட்டேன்" என்று நான் எழுதிய வரி இருந்த இடத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. கீழே 'வேலை செய்தவர் கையெழுத்து' மட்டும் பளிச்சென்று இருந்தது. அத்தான், எத்தனையோ ஒர்க்‌ஷாப் அட்டைகளைப் பார்த்துவிட்டேன், 'வேலை செய்யச் சொன்னவர் கையெழுத்து' என்று ஒரு கட்டம் எதிலும் இல்லை. மன்னிப்புக் கடிதத்தில் "எனது அறியாமையால், முதலாளிக்குத் தெரியாமல்" என்று இருக்கிறது. எனக்குத் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. வாங்குபவர் ஆசைப்பட்டுவிட்டால் விற்பவருக்குத் தெரிந்தது மறந்துவிட வேண்டும், மாட்டுபவனுக்கு எதுவுமே தெரிந்திருக்கக் கூடாது. இதுதான் இங்கே தொழில் சுத்தம்.

இரண்டு நாளாக அந்தப் பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே தண்டில் கட்டி ஒரே தூரம் ஓடச் சொல்கிறார்கள். சின்ன சக்கரம் கூடுதலாகச் சுற்றித்தான் பெரிய சக்கரத்தோடு சேர்ந்து போக முடியும். யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. நடுவில் ஏதாவது கருகினால் மட்டும், சின்னதுதான் ஒழுங்காகச் சுற்றவில்லை என்கிறார்கள். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. வேலை போனால் போகட்டும். நான் செய்யாத தப்புக்கு நீங்கள் போய் அவர் முன்னால் கைகட்டி நின்றால் அது எனக்குத் தாங்காது.

அக்காவுக்கு என் அன்பு. பாப்பாவுக்கு முன்பல் முளைத்ததா என்று எழுதுங்கள். நீங்கள் போகிற வழியெல்லாம் சமதளமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்த உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், கை வரவில்லை. ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அதே அகலத்தில், பக்கவாட்டு உயரம் மட்டும் குறைவான இன்னொரு ஜோடி டயர் அன்று எங்கள் ஸ்டோரிலேயே இருந்தது. சுற்றளவு முன் டயரோடு சரியாக வரும். கான்ட்ராக்டர் ஆசையும் தீர்ந்திருக்கும், பெட்டியும் பிழைத்திருக்கும். அன்று காலையில் அதை அடுக்கி வைத்தவனே நான்தான். "இதப் போடலாம் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சிரித்தார்கள் இல்லையா, படட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். இது யாருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. அவர் எழுதியது பொய், அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதில் மாற்றமில்லை. உண்மையை நானே எழுதிப் பார்த்தேன், அது அவருடையதைவிட மோசமான மன்னிப்புக் கடிதமாக வந்திருக்கிறது. ஆகவே, வாருங்கள் அத்தான். சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். எனக்காக ஒன்றும் பேச வேண்டாம். நான் எழுதியதை எல்லோர் முன்னாலும் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றால் போதும்.