கதவு சாத்தினால்தான் ஓடும் வண்டி

இப்போதெல்லாம் புதுக் கார் நடுரோட்டில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரைத் திட்டுகிறார்கள். அதற்குப் புரோகிராம் எழுதியவனை, அவன் பரம்பரையை எல்லாம் திட்டுகிறார்கள். என் மகனுடைய கார் போன மாதம் எர்ணாவூர் மேம்பாலத்தில் எல்லா விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு நகராமல் நின்றபோது அவனும் திட்டினான். நான் மட்டும் திட்டவில்லை. எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே, வெறும் கறுப்பு ஒயரை வைத்து அதே பாவத்தைச் செய்தவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். எண்ணூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் நான் எலெக்ட்ரிகல் ஆள். டிப்ளமோ முடித்த கையோடு என்னைச் சொல்லிச் சேர்த்துவிட்டவர் லாரன்ஸ் மாமா, என் ஸ்டெல்லா அக்காவின் கணவர். அதே தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டினார். ராயபுரத்தில் எங்கள் தெரு கேரம் கிளப்பில் அவரை ஜெயித்தவர் கிடையாது. அவருடைய ஆள்காட்டி விரல் ஸ்ட்ரைக்கர் மேல் வந்து நின்றாலே எதிரில் இருப்பவன் கையில் ஒட்டிய பவுடரைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவான்.

தொழிற்சாலைக்கு ஓர் ஆம்புலன்ஸ் வேன் இருந்தது. பின்கதவின் தாழ்ப்பாள் லொடலொட. ஒருநாள் திருவொற்றியூரில் கதவு திறந்துகொண்டு, ஸ்ட்ரெச்சர் மட்டும் தனியாக ரோட்டில் இறங்கி ஒரு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றது (நல்லவேளை, அதில் யாரும் படுத்திருக்கவில்லை). மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஏதாவது செய் என்றார். மூளையுள்ளவன் தாழ்ப்பாளை மாற்றியிருப்பான். நான் டிப்ளமோ. கதவில் ஒரு சுவிட்ச் வைத்தேன். கதவு சாத்தியிருந்தால்தான் எஞ்சினுக்குக் கரண்டு போகும்.

எண்ணூர் ரோட்டில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் கதவு ஆடியது, எஞ்சின் நின்றது. சரி, ஒரு தடவை கிளம்பிவிட்டால் கதவு ஆடினாலும் நிற்காதபடி ஒரு ரிலே சேர்த்தேன். இப்போது கதவு முழுசாகத் திறந்துகொண்டாலும் வண்டி ஓடியது. அதற்காக டிரைவர் சீட்டுக்கு அடியில் இன்னொரு சுவிட்ச். அவர் இறங்கினால் எல்லாம் அணைந்து, மறுபடி கதவிலிருந்து சோதனை ஆரம்பிக்கும். டிரைவர் கன்னியப்பன் ஒல்லி. பள்ளத்தில் வண்டி குதித்தால் அவரும் சீட்டைவிட்டு எழும்புவார், எஞ்சின் நின்றுவிடும். அதற்கு இன்னொரு ரிலே. எது எதனால் நிற்கிறது என்று எனக்கே குழம்பியதால் கடைசியாக டிரைவருக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பு வைத்தேன். எரிந்தால் கோளாறு, எரியாவிட்டால் எல்லாம் சரி. ஒயர் மிச்சம் பிடிக்க, கதவு சுவிட்ச், சீட் சுவிட்ச் எல்லாவற்றின் கரண்டையும் அந்த பல்பு வழியாகவே விட்டேன்; எல்லாம் சரியாக இருக்கும்போது அதில் ஓடுவது பல்பை எரியவைக்கப் போதாத சொற்பக் கரண்டு. ஸ்டோரில் கறுப்பு ஒயர்தான் இருந்தது, எல்லாமே கறுப்பு. படம் எதுவும் போட்டு வைக்கவில்லை. நான்தான் இருக்கிறேனே என்ற திமிர்.

"சாவி போட்டா ஓடிகினு இருந்த வண்டி சார் இது," என்றார் கன்னியப்பன். "நீ கைய வச்சதுல இருந்து ஆயிரம் கேள்வி கேக்குது."

பழைய ஆட்களுக்குப் புது விஷயம் புரியாது என்று நான் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பிரஸ் ஷாப்பிலிருந்து சத்தம் கேட்டது.

லாரன்ஸ் மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கையில் சுற்றியிருந்த வேஸ்ட் துணி முழுக்கச் சிவப்பு. முகத்தில் ரத்தமே இல்லை. வேனில் ஏற்றினார்கள். கூடவே ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். எங்கள் பக்கத்தில் அடிபட்டவனைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கம் கிடையாது. அவன் ஷிப்டில் பாதிப் பேர் கூடப் போவார்கள். உள்ளே இடமில்லாதவர்கள் பின்படியில் நின்று, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். வேன் வந்த நாளிலிருந்தே அப்படித்தான் ஓடியது. இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஒயர் இழுத்தபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

சிவப்பு பல்பு பளிச்சென்று எரிந்தது. கன்னியப்பன் சாவியைத் திருகினார். அசையவில்லை. பின்னால் இருப்பவர்கள் இறங்கினால்தான் வண்டி கிளம்பும் என்று நான் கெஞ்சினேன். அவர்களுக்கு நான் பேசுவது விளங்கவில்லை. ஆளைத் தனியாக அனுப்பச் சொல்கிறான் என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். கன்னியப்பன் இறங்கிப் போய், நாலு பேரைக் கீழே தள்ளி, கதவை ஓங்கிச் சாத்தினார். பல்பு அணைந்தது. அப்பாடா, எல்லாம் சரி. அவர் மறுபடி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

வண்டி கிளம்பவில்லை.

நான் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டேன். சீட் சுவிட்சைப் பார்த்தேன், கதவு சுவிட்சைப் பார்த்தேன், ரிலே ஒவ்வொன்றையும் தட்டினேன். பல்பு எரியவில்லை, ஆகவே கோளாறு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல்பை மட்டும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நேராகக் கரண்டு கொடுத்துவிடலாம் என்றால், கையில் கொத்தாகக் கறுப்பு ஒயர்கள், எது எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஒன்றை வெட்டி இன்னொன்றோடு சேர்த்தேன். புகை வந்தது. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது, மெதுவாக. "சேவியரு, நான் வேணா எறங்கி நடந்து போயிடட்டா?"

நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய லாரி கேட்டைக் கடந்தது. கன்னியப்பன் குறுக்கே ஓடி அதை மறித்தார். மீன்காரம்மா ஒருவர் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மாமாவின் கையைப் பார்த்தார், வேறெதுவும் கேட்கவில்லை. "ஏத்து நைனா," என்று இரண்டு கூடையைத் தானே தள்ளி இடம்விட்டார். நிறுத்தியதில் லாரி அணைந்துபோயிருந்தது. கிளீனர் முன்னால் இரும்புக் கம்பியைச் செருகி ஒரு சுற்று சுற்றினார், கிளம்பிவிட்டது. அந்த லாரியில் ஒரு விளக்குகூட உருப்படியாக இல்லை. பின்னால் தொங்கிக்கொண்டு எட்டுப் பேர் போனார்கள். நான் ஒன்பதாவது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, மீன் லாரியில் ஏன் கொண்டுவந்தீர்கள், ஆம்புலன்ஸ் இல்லையா என்று கேட்டார். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னதுபோல் இருந்தது.

சாயங்காலம் திரும்பிப் போய் வேனைப் பிரித்தேன். பல்பு ஃபியூஸ். கதவை ஓங்கிச் சாத்திய அதிர்வில் இழை அறுந்து, அதன் வழியாகப் போகிற கரண்டும் அதோடு நின்றிருக்கிறது. கோளாறைக் காட்ட வைத்ததுதான் கோளாறு. மேனேஜர் என் கைவேலை முழுவதையும் பிடுங்கச் சொல்லிவிட்டு, கதவுக்கு ஒரு புதுத் தாழ்ப்பாள் போட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டில் சாப்பாடு தாமதமானது. எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம், அடுப்பிலிருந்து எதுவும் வரவில்லை. மாமா அடுக்களைப் பக்கம் திரும்பி, "கதவு சாத்திக்கீதான்னு சேவியரக் கேளு," என்றார். அவர்தான் முதலில் சிரித்தார். அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் பூசை தாமதமானாலும், கல்யாணப்பெண் தாமதமானாலும், காஸ் அடுப்பு பற்றாவிட்டாலும் இதே பேச்சுதான். கதை தெரியாத பேரப்பிள்ளைகள்கூட சொல்கிறார்கள்.

அக்கா மட்டும் இதற்குச் சிரித்ததில்லை. ஒருநாள் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது அரிசி புடைத்தபடியே சொன்னாள்: "அவரும் சிரிக்கிறாரு, நீயும் சிரிக்கிற. தெனம் காலைல அவுருக்கு சட்டை பொத்தான் போட்டு உடறது நான்தான்டா."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் வலிக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கும் பிரியாணி தாமதம், மாமாவும் அதைச் சொன்னார், எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. மாமா சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டும் திறந்தே கிடந்தன. நான் எழுந்துபோய் அவர் முன்னால் நின்று அவற்றைப் போட்டுவிட்டேன். எனக்கும் வயதாகிவிட்டது, கொஞ்ச நேரம் பிடித்தது. மாமா பொறுமையாக நின்றார். போட்டு முடித்ததும் மூன்று விரல்களால் என் தோளைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

"சாத்திட்டியா? இப்ப வண்டி கெளம்புமா?"