மன்னர் மின்விசிறியைத் திருப்பினார்

முப்பத்தேழாம் பக்கத்தில்தான் ராஜவேலுக்கு முதல் சந்தேகம் வந்தது.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய டிடிபி சென்டர் இருந்தது. பல்கலைக்கழக மாணவர்களின் தீசிஸ்களைக் கம்ப்யூட்டரில் அடித்து, அச்செடுத்து, பைண்டிங் செய்து கொடுக்கும் கடை. அடிப்பவள் ஜான்சி. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் வருவதற்கு முன், முதல் நாள் அடித்ததைத் தன் மேஜைத் திரையில் படித்துப் பார்ப்பது ராஜவேலின் வழக்கம்.

அன்று அவர் படித்தது தீசிஸ் அல்ல, நாவல். பண்ருட்டிப் பெண் சிந்துஜா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள், இளையோர் நாவல் போட்டி ஒன்றுக்காக எழுதியது. பெரும்புயல் ஒன்று நாட்டையே சாய்த்துவிடுகிறது. பிழைத்தவர்களின் பிள்ளைகள் பதினாறு வயது ஆனதும் மேட்டு அரண்மனைக்கு அடிமை வேலைக்குப் போக வேண்டும். அதுதான் கதை. சிந்துஜாவின் கையெழுத்து ஜான்சி ஒருத்திக்குத்தான் புரியும். ராஜவேல் திரையில் இருந்ததை மட்டும் படித்தார்.

'மன்னர் இரும்பனார் அடிமைகளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மேஜை மணியைத் தட்டுவார். நாட்டில் மிஞ்சியிருந்த ஒரே மின்விசிறி அவர் முகத்தைப் பார்த்தே சுழன்றது.'

ராஜவேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் மேஜையைப் பார்த்தார். வலப்பக்கம் ஒரு மணி இருந்தது. இடப்பக்கம், இன்வெர்ட்டரில் ஓடும் ஒரே டேபிள் ஃபேன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடலூர் மாவட்டத்தில் நிஜமாகவே அடித்த புயலுக்குப் பிறகு, கரண்ட் வருவதே அதிசயமாக இருந்த காலம் அது.

அவர் மேலே படித்தார். 'மன்னர் தேநீர் அருந்தும்போது அடிமைகள் வாசனை பிடிக்கலாம். அதற்குத் தடை இல்லை.'

தொண்ணூறாம் பக்கம் வரை ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கீழே இறங்கினார். டீக்கடை சடையப்பன் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சடையப்பா, நான் ஜான்சிக்கு டீ சொல்லியிருக்கேனா?"

"எப்போ?"

"எப்பவாச்சும்."

சடையப்பன் யோசித்தார். "போன பொங்கலுக்கு ஒண்ணு சொன்னீங்க. அது வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு பஸ்ஸுக்குக் கிளம்பிடுச்சு. நீங்களே குடிச்சிட்டீங்க."

ராஜவேல் தினமும் காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் கடை திறப்பார். யாருக்கும் தீங்கு நினைக்காத மனசு வேண்டும் என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜான்சிக்கு அவர் தீங்கு நினைத்ததில்லை. அவளைப் பற்றி நினைத்ததே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

சிந்துஜா தாள் கொடுக்க வரும்போதெல்லாம் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பதை அவர் பார்த்திருக்கிறார். ஜான்சி சொல்லித்தான் சிந்துஜா எழுதுகிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. கடலூரில் ஒரு கடைக்காரர் தன்னை வேலைக்குக் கூப்பிடுவதாக ஜான்சி ஒருமுறை சொன்னதும் நினைவுக்கு வந்தது. தீசிஸ் சமர்ப்பிக்கும் ஏப்ரல் நெருங்குகிறது. பதினொரு தீசிஸ் காத்திருக்கிறது. அவள் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

திருந்திவிடுவது என்று ராஜவேல் முடிவு செய்தார்.

அடுத்த நாள் பதினொரு மணிக்குக் கரண்ட் போனதும் எழுந்து வந்து, ஃபேனை ஜான்சியின் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஐயோ, வேணாம்ணா."

"இருக்கட்டும்மா. உனக்கும் வேர்க்குமில்ல."

ஜான்சியின் மேஜையில் முந்திரி சாகுபடி பற்றிய தீசிஸ் ஒன்று இருந்தது. கையால் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு தாள். பக்க எண் போடாத புண்ணியவான் எழுதியது. ஃபேன் தன் கடமையைச் செய்தது. தாள்கள் அறை முழுக்கப் பறந்தன, சில படி வழியே கீழே இறங்கின.

"மேல யாருப்பா? புரொபசர் கையெழுத்துப் போட்ட தாளு என் பால்ல கெடக்குது," என்று சடையப்பன் குரல் கொடுத்தார்.

ஜான்சி ஏழு மணி வரை தரையில் உட்கார்ந்து அடுக்கினாள். வழக்கமான பஸ் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ராஜவேல் நாவலைத் திறந்தார். தொண்ணூற்று இரண்டாம் பக்கம்.

'அன்று மன்னர் தம் கையாலேயே மின்விசிறியை அடிமைப் பெண்ணின் பக்கம் திருப்பினார். அரண்மனை ஓலைகள் பறந்தன. ஓர் அரசாணை பால் குடத்தில் விழுந்தது.'

ராஜவேலுக்குக் காது சூடானது. ஆனால் அவர் நல்லவர். கேலி செய்யும்படி நாம்தானே நடந்துகொண்டோம் என்று தன்னையே நொந்துகொண்டார். இன்னும் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும்.

மதியம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பிரியாணிக் கடைக்குப் போனார். பிறந்ததிலிருந்து சைவம். எப்படிக் கேட்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு குடுங்க."

"சிக்கனா, மட்டனா?"

"எது ரொம்பப் பாவமில்லையோ, அது."

கடைக்காரர் அவர் நெற்றி விபூதியைப் பார்த்தார். "இங்கியே சாப்பிடறீங்களா, பார்சலா?"

"பார்சல். எனக்கில்ல."

"எல்லா சாமியும் அப்படித்தான் சொல்லுது."

பொட்டலத்தை ஜான்சியின் முன் வைத்தபோது அவர் நெஞ்சு குளிர்ந்திருந்தது. ஜான்சி பிரித்துப் பார்த்துவிட்டு மெல்ல மூடினாள்.

"அண்ணா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா. எனக்கும் வெள்ளிக்கிழமைதான்."

"இல்லண்ணா, தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் எங்க வீட்ல கறி தொடறதில்ல. காலையிலேர்ந்து நான் ஒருபொழுது."

சாப்பிட முடியாத இருவருக்கும் நடுவில் பிரியாணி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் கீழே இருந்த தெருநாய் சாப்பிட்டது. அதற்கு நன்றி உணர்ச்சி அதிகம். மறுநாளிலிருந்து சரியாக ஒரு மணிக்கு மாடியேறி வந்து, தீசிஸ் மாணவர்களோடு வரிசையில் உட்கார ஆரம்பித்தது.

அன்று வீட்டில் மனைவி மங்கலம் கேட்டாள். "பிரியாணிக் கடையில நின்னீங்களாம்?"

"ஜான்சிக்கு வாங்கினேன்."

"அது விரதமாச்சே. போன்ல என்கிட்ட சொல்லுச்சு. அவுங்கப்பாவுக்குக் கால் ஆபரேஷன், அதுக்கு வேண்டிக்கிட்டு இந்த வருஷம் கடுமையா இருக்குதாம்."

"அவங்கப்பாவுக்கு ஆபரேஷனா?"

மங்கலம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு வருஷமா எதிர்ல உக்காந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மணியை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். இனிமேல் கூப்பிட வேண்டுமென்றால் நேரில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தீர்மானம். ஆனால் அவர் இடத்தை விட்டு எழுந்து வருவது ஜான்சிக்குப் பழக்கமில்லை. அவள் மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று, முடிந்த வரை கனிவாக, "ஜான்சிம்மா," என்றார்.

ஜான்சி தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். கால் யு.பி.எஸ். சுவிட்சில் பட்டது. திரை இருண்டது.

"எத்தினி பக்கம் போச்சு?"

"பதினொண்ணுண்ணா. பரவால்ல, அடிச்சிடலாம்." பிறகு தயங்கிக் கேட்டாள். "உங்களுக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"ஏன் கேக்குற?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

நல்லது செய்யப் புதிதாகக் கிளம்புகிறவன் நாலு பாத்திரத்தையாவது உருட்டித்தான் விடுவான். கடவுள் அதைக் கணக்கில் வைப்பதில்லை. மனிதர்களுக்குத்தான் பொறுமை இருப்பதில்லை, அதிலும் உருட்டிய ஆளுக்கு.

வியாழக்கிழமை காலை ராஜவேல் கோயிலிலிருந்து நேராக வந்து நாவலைத் திறந்தார். நூற்று இரண்டாம் பக்கம்.

'மன்னர் மணி அடிப்பதை விட்டுவிட்டார். பூனை போல் பின்னால் வந்து நின்று, பெயர் சொல்லி அழைத்தார். அடிமைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.'

அதற்குமேல் அவரால் படிக்க முடியவில்லை. திரையை அணைத்தார். ஃபேன், பிரியாணி, ஊரார் பேச்சு எல்லாம் ஒன்றாக நெஞ்சில் ஏறியது. இவ்வளவு செய்தும் சிரிக்கிறார்களே.

அன்று புனித வியாழன். இரண்டு நாளாகவே அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. ஜான்சி கேட்பதற்கு முன்பே, 'மத்தியானமே கிளம்பும்மா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் வீட்ல இரு, அப்பாவப் பாத்துக்கோ' என்று சொல்லிவிட வேண்டும். அதற்காக ஒரு கிலோ ஆப்பிள்கூட வாங்கி அலமாரியில் வைத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஜான்சி எழுந்து வந்தாள். "அண்ணா, இன்னிக்குக் கோயில்ல பாதம் கழுவுற பூசை. இப்பவே கிளம்பட்டுமா? நாளைக்கும் வர முடியாது."

"தாராளமா போம்மா," என்றார் ராஜவேல். குரல் அமைதியாகத்தான் இருந்தது. "அப்படியே அங்கியே இருந்துடு."

"புரியலண்ணா."

"கொடுமைக்கார ராஜாகிட்ட எதுக்கும்மா வேலை பாக்கணும்? கடலூர்ல கூப்பிடறாங்கன்னு சொன்னியே. அங்க போனா நிம்மதியா இருப்ப. சிரிக்கிறதுன்னாலும் வாயைப் பொத்தாம சிரிக்கலாம்."

ஜான்சி அவரையும் அவர் மேஜையில் அணைந்திருந்த திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் மெல்லச் சிவந்தது. சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சிந்துஜா நாவல் முழுசும் பிரிண்ட் எடுத்து மேஜையில வச்சிருக்கேன். அஞ்சு மணிக்கு வரும். குடுத்துடுங்கண்ணா. முந்திரி தீசிஸ்ல கடைசி அட்டவணை மட்டும் பாக்கி."

படியிறங்கும் சத்தம் கேட்டது. கீழே சடையப்பன், "இன்னாம்மா, அதுக்குள்ள?" என்று கேட்டார். அவள் பதில் சொன்னது மேலே கேட்கவில்லை.

ஒரு மணிக்கு நாய் வந்தது. கொஞ்ச நேரம் காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டது.

பின்மதியம் முழுதும் ராஜவேல் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. சொன்னதை நினைத்து நினைத்துப் பார்த்தார். ஒருபொழுது இருக்கிற பெண். அப்பாவுக்குக் காலில் ஆபரேஷன். பெரிய நாள். இதில் எதையும் மறந்து அவர் பேசவில்லை. தெரிந்தே பேசினார். மூன்று முறை செல்போனை எடுத்து மூன்று முறையும் வைத்தார். நாவலில் இருப்பது உண்மை, நாம் அந்த மன்னர்தான் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது.

ஐந்து மணிக்குச் சிந்துஜா வந்தாள். "ஜான்சி அக்கா இல்லியா அங்கிள்?"

"கிளம்பிட்டாங்கம்மா." ராஜவேல் பிரிண்ட் எடுத்த தாள்கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, மனதில் இருப்பதை இறக்கி வைத்துவிட வேண்டும் என்று, "எனக்கு ஒண்ணும் கோவமில்ல. நீ எழுதினது அத்தனையும் நெசம். அந்த ராஜா நான்தான், எனக்குத் தெரியும்," என்றார்.

சிந்துஜா விழித்தாள். "ஐயோ, நீங்க இல்ல அங்கிள். அது ப்ளஸ் டூல எங்க ஹாஸ்டல் வார்டன். மணி அடிச்சாத்தான் சோறு. மேஜையில ஃபேன் வச்சிக்கிட்டு எங்கள வேர்க்க விட்டுப் படிக்கச் சொல்லும். உங்களப் பத்தி நான் எதுக்கு எழுதறேன்?"

ராஜவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ ஓலை பறந்தது, பூனை மாதிரி வந்து நின்னது?"

"அதெல்லாம் என் கதையில கிடையாதே."

அவள் கட்டைப் பிரித்தாள். தொண்ணூறாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு சிறு காகிதம் செருகியிருந்தது. ஜான்சியின் கையெழுத்து. அதைச் சிந்துஜா சத்தமாகப் படித்தாள். 'சிந்து, இந்தப் பக்கத்துக்குப் பிறகு வருவது நான் எழுதிப் பார்த்தது. கோபித்துக்கொள்ளாதே. உன் முடிவு தனியாகக் கவரில் இருக்கிறது. எது பிடிக்கிறதோ அதை அனுப்பு.'

"பாத்தீங்களா அங்கிள்? 'கடைசியில அரண்மனைய ஏன் கொளுத்துற, பாவம், அந்த ராஜாவுக்கு ஒரு வாய்ப்பு குடேன்'னு அக்கா என்கிட்ட சண்டை போட்டுக்கிட்டே இருந்தாங்க. ராஜாவெல்லாம் திருந்த மாட்டான்க்கா, நான் பாத்ததில்லன்னு சொன்னேன்."

அவள் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். நூற்று இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. ராஜவேல் படிக்காமல் விட்ட வரிகளை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

'அது கேலிச் சிரிப்பு அல்ல. அந்த அரண்மனையில் பயமில்லாமல் சிரித்த முதல் சிரிப்பு அது. அவருக்கு நல்லது செய்து பழக்கமில்லை. ஆனாலும் தினமும் காலையில் எழுந்து மறுபடி முயன்றார். கதவு திறந்தே இருந்தது. ஒருவரும் ஓடிப்போகவில்லை.'

கீழே கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ராஜவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிந்துஜா தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"இவ்ளோ நல்ல ராஜாவ அக்கா எங்க அங்கிள் பாத்தாங்க?"